வாஷிங்டனின் முதல் வீட்டோ: வென்றது சட்டமா, வர்ஜீனியாவா?

#1 கணக்குப்பிள்ளை

அமெரிக்க வரலாறு என்றால் நம் மன்றத்தில் போஸ்டன் தேநீர், அடுத்த வரியிலேயே லிங்கன். நடுவில் உட்கார்ந்து ஒரு அரசாங்கத்தைக் கட்டினார்களே, அந்தப் பத்து வருடத்தை யாரும் தொடுவதில்லை. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த சண்டை ஒன்று உண்டு. முழுக்க முழுக்க வகுத்தல் கணக்கு.

1787 செப்டம்பர் 17, பிலடெல்பியா. நான்கு மாதம் பேசி அரசியலமைப்பை எழுதி முடித்தாயிற்று, கையெழுத்துதான் பாக்கி. அப்போது மாசசூசெட்ஸின் நத்தானியல் கோரம் எழுந்து, பிரதிநிதிகள் சபையில் 40,000 பேருக்கு ஒருவர் என்ற உச்சவரம்பை 30,000 பேருக்கு ஒருவர் என்று தளர்த்தலாமே என்றார். தலைமை நாற்காலியில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் அதுவரை எந்த விவாதத்திலும் கருத்துச் சொல்லாதவர். அன்று எழுந்து ஆதரித்துப் பேசினார். உறுப்பினர் எண்ணிக்கை குறைவாக இருப்பது மக்களின் உரிமைக்குப் போதுமான காவல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், தனக்கும் அது உறுத்தலாகவே இருந்தது என்றார். எதிர்ப்பே இல்லாமல் மாற்றம் நிறைவேறியது.

ஐந்து வருடம் கழித்து, வாஷிங்டன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, அதே 30,000 அவர் மேசைக்கே வந்தது.

1789இல் முதல் சபைக்கு 65 இடம். அது குத்துமதிப்பு, ஏனென்றால் அப்போது கணக்கெடுப்பே நடந்திருக்கவில்லை. 1790இல் எண்ணினார்கள்: சுமார் 39 லட்சம் பேர். இடங்களைப் பிரிக்க மட்டும் வேறு கணக்கு. சுதந்திரமானவர்கள் முழுதாக, அடிமைகள் ஐந்தில் மூன்று பங்கு. அப்படிப் பார்த்தால் 36,15,920. இதை 30,000ஆல் வகுத்தால் 120. சரி, 120 இடம் என்று காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) மசோதா போட்டது.

வில்லங்கம் அடுத்த படியில். ஒவ்வொரு மாநிலத்தையும் தனித்தனியாக 30,000ஆல் வகுத்து முழு எண்ணை மட்டும் கூட்டினால் 112தான் வருகிறது. மீதி 8? அதிக மீதி வைத்திருந்த 8 மாநிலங்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார்கள். நியூ ஜெர்சிக்கு 1,79,570 பேர்; ஆறாவது இடத்துக்கு 430 பேர்தான் குறைவு. டெலவேருக்கு 55,540. ஒரு இடம் போக 25,540 மீதி, ஆகவே அதற்கு இரண்டு.

வாஷிங்டன் 1792 ஏப்ரல் 5 அன்று கையெழுத்திட மறுத்து மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அமெரிக்க வரலாற்றின் முதல் வீட்டோ அதுதான். காங்கிரஸ் உடனே வேறு சட்டம் போட்டது: 33,000ஆல் வகு, மீதியைத் தூக்கிப் போடு. 105 இடம். டெலவேருக்கு மறுபடி ஒன்றே ஒன்று.

என் கேள்வி: அவர் செய்தது சரியா?

#2 புதுமுகம்

தேர்வுக்குப் படிக்கும்போது "முதல் வீட்டோ 1792" என்று ஒரு வரி மட்டும் மனப்பாடம் செய்தேன். அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறதா! வாஷிங்டன் என்ன காரணம் சொன்னார் ஐயா?

#3 சுவடி

இரண்டே காரணம், செய்தியும் மிகச் சிறியது. முதலாவது, எந்த ஒரே எண்ணால் எல்லா மாநிலங்களையும் வகுத்தாலும் மசோதாவில் உள்ள பங்கீடு வராது. இரண்டாவது, 8 மாநிலங்களுக்கு 30,000 பேருக்கு ஒருவரைவிட அதிகம் கிடைக்கிறது. டெலவேரைப் பாருங்கள்: 55,540 பேருக்கு இரண்டு இடம் என்றால் 27,770 பேருக்கு ஒருவர். அரசியலமைப்பு சொல்லும் வரம்பு தாண்டியாயிற்று.

எதிர்த்தரப்பின் பதில், அந்த வரம்பு நாடு முழுமைக்கும் சேர்த்துத்தான், மாநிலம் மாநிலமாக இல்லை என்பது. நிதி அமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் அப்படித்தான் வாதிட்டார். வாசகத்தை இரண்டு விதமாகவும் படிக்க இடம் உண்டு என்பதே என் எண்ணம்.

ஆனால் அந்த நாளில் நடந்தது தனிக்கதை. குடியரசுத் தலைவர் முடிவெடுக்கப் பத்து நாள் அவகாசம். பத்தாவது நாள் காலையில், காலை உணவுக்கு முன்பே, வாஷிங்டன் வெளியுறவு அமைச்சர் தாமஸ் ஜெஃபர்சனின் வீட்டுக்குப் போகிறார். முதலில் வேறு ஏதோ பேசிவிட்டு மெதுவாக மசோதாவுக்கு வருகிறார். ஆதரித்தும் எதிர்த்தும் விழுந்த ஓட்டுகள் அப்படியே வடக்கு, தெற்கு என்று பிரிந்திருக்கின்றன. தான் மறுத்தால் தெற்கின் பக்கம் சாய்ந்ததாகச் சொல்வார்களே என்பது அவர் கவலை. அதற்காக விட்டுவிடக் கூடாது என்கிறார் ஜெஃபர்சன். அமைச்சரவையில் ஜெஃபர்சனும் எட்மண்ட் ராண்டால்ஃபும் மறுக்கச் சொன்னவர்கள். ஹாமில்டனும் ஹென்றி நாக்ஸும் கையெழுத்திடச் சொன்னவர்கள்.

அன்றே ஜெஃபர்சன், ராண்டால்ஃப், ஜேம்ஸ் மாடிசன் மூவரும் உட்கார்ந்து செய்தியை வரைந்தார்கள். ராண்டால்ஃப் எடுத்துக்கொண்டு போனார். அவர் விடைபெறும்போது வாஷிங்டன் வாசல் வரை கூடவே வந்து, நீங்கள் மனதார இதை ஒப்புக்கொள்கிறீர்கள்தானே என்று மறுபடி கேட்டாராம். என் மானத்தின் மேல் ஆணை என்றார் ராண்டால்ஃப். அதற்குப் பிறகுதான் செய்தி சபைக்குப் போனது. இதெல்லாம் ஜெஃபர்சன் தன் குறிப்பில் எழுதி வைத்தது. எழுதியவர் ஒரு தரப்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

#4 அரைக்கிழவன்

வாஷிங்டன் எந்த ஊர்? வர்ஜீனியா. ஜெஃபர்சன்? வர்ஜீனியா. ராண்டால்ஃப்? மாடிசன்? எல்லாம் வர்ஜீனியா. கையெழுத்துப் போடச் சொன்ன இருவர் நியூயார்க்கும் மாசசூசெட்ஸும்.

பஞ்சாயத்தில் நாட்டாமை, கணக்கர், சாட்சி மூவரும் ஒரே பங்காளி வகையறா. தீர்ப்பு எப்படி வரும் என்று புதிதாகச் சொல்ல வேண்டுமா?

#5 கணக்குப்பிள்ளை

கிழவரே, உங்கள் சந்தேகத்துக்கு எண் கொடுக்கிறேன்.

வர்ஜீனியாவின் கணக்குத் தொகை 6,30,560. நாட்டின் மொத்தத்தில் 17.4 சதவீதம். திருப்பி அனுப்பிய மசோதாவில் அதற்கு 120இல் 21, அதாவது 17.5 சதவீதம். கிட்டத்தட்ட அச்சு அசல். புதிய சட்டத்தில் 105இல் 19, அதாவது 18.1 சதவீதம். 105 இடத்தில் அதன் நியாயமான பங்கு 18.3, கிடைத்தது 19.

டெலவேரின் நியாயமான பங்கு 1.5 சதவீதம். மசோதாவில் 1.7, சட்டத்தில் 0.95.

மீதியைத் தூக்கிப் போடும் முறையில் பொதுவாகப் பெரிய மாநிலத்துக்கு லாபம். 19 இடம் வைத்திருப்பவனுக்கு அரை இடம் போனால் உறைக்காது. ஒரு இடம் வைத்திருப்பவனுக்கு முக்கால் இடம் போனால் பாதி உயிர் போன மாதிரி. இது கணக்கின் குணம், யாருடைய சதியும் தேவையில்லை. ஆனால் ஜெஃபர்சனுக்கு இந்தக் குணம் தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பமாட்டேன். அந்த மனிதர் கணக்கில் புலி.

மறுபக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹாமில்டன் பாணியில் மீதிக்கு இடம் கொடுக்கும் முறையை அமெரிக்கர்கள் 1850களில் திரும்பக் கொண்டு வந்தார்கள். 1880 கணக்கெடுப்புக்குப் பிறகு அதில் ஒரு பூதம் கிளம்பியது. சபையில் 299 இடம் என்றால் அலபாமாவுக்கு 8. 300 இடம் என்றால் அலபாமாவுக்கு 7! மொத்தம் கூடினால் பங்கு குறைகிறது. ஒரே எண்ணால் வகுக்கும் முறையில் இந்தக் கூத்து வராது. அந்த அளவுக்கு வாஷிங்டனின் முதல் காரணத்தில் சாரம் இருக்கிறது.

#6 பொன்னி

நீங்கள் எல்லோரும் மீதியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் முழு எண்ணைப் பற்றிக் கேட்கிறேன்.

வர்ஜீனியாவின் 6,30,560 எப்படி வந்தது? 1790 கணக்கெடுப்பில் அங்கே 7,47,610 பேர். அதில் 2,92,627 பேர் அடிமைகள். சுதந்திரமானவர்கள் 4,54,983. மாசசூசெட்ஸில், அப்போது அதோடு சேர்ந்திருந்த மெய்ன் பகுதியையும் கூட்டினால், 4,75,327 பேர். கணக்கெடுப்பில் ஒரு அடிமைகூட இல்லை.

அதாவது சுதந்திரமான மக்களை மட்டும் எண்ணினால் மாசசூசெட்ஸ்தான் பெரியது. இடங்களோ மாசசூசெட்ஸுக்கு 14, வர்ஜீனியாவுக்கு 19!

33,000 என்ற அதே எண்ணால் 4,54,983ஐ வகுத்துப் பாருங்கள். 13தான் வரும். மீதி ஆறு இடமும் ஓட்டுப் போட முடியாத, ஓட்டுக் கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்காத, விற்கவும் வாங்கவும் முடிந்த மனிதர்களின் தலைகளை எண்ணி வந்தவை. அந்த ஆறு பேர் யாருக்காகப் பேசினார்கள்? அந்தத் தலைகளின் சொந்தக்காரர்களுக்காக.

டெலவேருக்கு ஒன்றா இரண்டா என்று வீட்டோ வரை போனார்கள். இந்த ஆறைப் பற்றி யாரும் காலை உணவுக்கு முன் யார் வீட்டுக்கும் போகவில்லை.

#7 வேடந்தாங்கல்

//அடிமைகள் ஐந்தில் மூன்று பங்கு//

கறுப்பின மக்களை ஐந்தில் மூன்று மனிதன் என்று எழுதிய நாடு, ஜனநாயகத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுக்கிறது. இதற்கு மேல் இந்த இழையில் பேச என்ன இருக்கிறது?

#8 சுவடி

நிறைய இருக்கிறது வேடந்தாங்கல். இந்த வாதத்தை அப்படியே விட்டால் குற்றவாளி தப்பித்துவிடுவான்.

1787இல் பிலடெல்பியாவில் அடிமைகளை முழு ஆளாக எண்ண வேண்டும் என்று கேட்டது யார் தெரியுமா? அடிமை முதலாளிகள்தான். எண்ணவே கூடாது என்றது வடக்கு. மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் கெர்ரி கேட்டார்: தெற்கில் அடிமை சொத்து என்றால், சொத்துக்கு ஓட்டு எடை உண்டு என்றால், வடக்கில் உள்ள மாட்டுக்கும் குதிரைக்கும் ஏன் கிடையாது? பென்சில்வேனியாவின் கவர்னர் மோரிஸ் (கவர்னர் என்பது அவர் பெயர், பதவி இல்லை) இன்னும் நேராகக் கேட்டார்: அவர்கள் மனிதர்களா? அப்படியானால் குடிமக்களாக்கி ஓட்டுக் கொடுங்கள். சொத்தா? அப்படியானால் வேறு எந்தச் சொத்தும் கணக்கில் வரவில்லையே, ஏன்?

நேரான பதில் வரவில்லை. ஓட்டெடுப்பு வந்தது.

அந்தப் பின்னமும் பிலடெல்பியாவில் பிறந்ததில்லை. 1783இல் மாநிலங்கள் மத்திய கஜானாவுக்குக் கட்ட வேண்டிய பங்கை மக்கள்தொகைப்படி பிரிக்கலாமா என்று பேசியபோது வந்தது. அப்போது பேச்சு தலைகீழ்! எண்ணிக்கை ஏறினால் வரி ஏறும் என்பதால் அடிமைகளைக் குறைத்து எண்ணச் சொன்னது தெற்கு, கூட்டி எண்ணச் சொன்னது வடக்கு. எல்லா மாநிலமும் ஒப்புக்கொள்ளாததால் அந்தத் திட்டம் கிடப்பில் போனது, பின்னம் மட்டும் கையிருப்பில் நின்றது. 1787 ஜூன் 11 அன்று ஜேம்ஸ் வில்சன் அதை எடுத்து மேசையில் வைத்தார்.

ஆகவே ஐந்தில் மூன்று என்பதைக் குறை சொல்பவர்கள் முழுதாக எண்ணியிருக்க வேண்டும் என்ற அர்த்தத்தில் சொன்னால் அது முதலாளிகளின் கட்சி. பூஜ்யமாக எண்ணியிருந்தால்தான் அடிமைமுறைக்குக் காங்கிரஸில் பலம் குறைந்திருக்கும்.

#9 வேடந்தாங்கல்

விளக்கம் சரி. ஆனால் ஐந்தாறு இடத்தால் வரலாறு மாறிவிட்டதா என்ன? கொஞ்சம் மிகைப்படுத்துவதாகத் தோன்றுகிறது.

#10 பொன்னி

1800 தேர்தலைப் பாருங்கள். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சபை இடமும் இரண்டு செனட் இடமும் சேர்ந்த எண்ணிக்கை. அங்கேயும் அடிமைத் தலைகள் புகுந்துவிட்டன. ஜெஃபர்சன் 73, ஜான் ஆடம்ஸ் 65. வித்தியாசம் எட்டு. அடிமைகளால் தெற்குக்குக் கூடுதலாகக் கிடைத்த வாக்குகள் அதைவிட அதிகம்.

மிகைப்படுத்தலா?

#11 கணக்குப்பிள்ளை

தங்கச்சி சொல்வது சரிதான், ஆனால் ஒரு அடிக்குறிப்பு. அதே தேர்தலில் பென்சில்வேனியாவில் ஜெஃபர்சன் கட்சிக்கு நல்ல பலம். அங்கே மாநில மேலவையில் இருந்த ஃபெடரலிஸ்டுகள் (ஆடம்ஸ் கட்சிக்காரர்கள்) முட்டுக்கட்டை போட்டு, கடைசியில் 8க்கு 7 என்று பிரித்துக்கொண்டார்கள். மக்கள் ஓட்டுக்கு விட்டிருந்தால் ஆடம்ஸுக்கு அந்த 7 கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஆக, இரண்டு பக்கமும் கைவரிசை உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி கூட்டினால் கணக்கு கோணல்.

#12 அரைக்கிழவன்

ஓட்டு என்றதும் நினைவுக்கு வந்தது. 1789இல் முதல் காங்கிரஸுக்கு வர்ஜீனியாவின் ஒரு தொகுதியில் நின்ற இருவர் யார்? ஜேம்ஸ் மாடிசன், ஜேம்ஸ் மன்றோ. பின்னாளில் நான்காவது, ஐந்தாவது குடியரசுத் தலைவர்கள்! மாடிசனைப் பிடிக்காத பேட்ரிக் ஹென்றி, அவருக்குச் சாதகமில்லாத கவுண்டிகளாக (மாவட்டங்களாக) பார்த்துத் தொகுதியைச் சேர்த்துவிட்டார் என்று அப்போதே பேச்சு. அந்த வித்தைக்கு இன்று வழங்கும் 'ஜெரிமாண்டரிங்' என்ற பெயர் இருபது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் பிறந்தது. அதுவும் சுவடி மேலே சொன்ன கெர்ரியின் பெயரிலிருந்துதான். வித்தை அதற்கு மூத்தது.

இருவரும் நண்பர்கள். ஒரு லூத்தரன் தேவாலயத்துக்கு வெளியே பனியில் நின்று கூட்டத்தின் முன் வாதாடினார்கள். திரும்பும் வழியில் மாடிசனுக்கு மூக்கில் பனிக்கடி. முடிவு: மாடிசன் 1,308, மன்றோ 972.

நான் கேட்பது இதுதான். 30,000 பேருக்கு ஒருவர் என்று அடித்துக்கொண்டார்கள். ஓட்டுப் போட்டவர்கள் 2,280. இப்போது எங்கள் ஊர் பஞ்சாயத்து வார்டுகளைச் சேர்த்தால் இதைத் தாண்டும்.

#13 பொன்னி

தாத்தா, அந்த 30,000இல் யார் யார் என்று பிரித்தால் விடை கிடைத்துவிடும். பாதி பெண்கள். அப்புறம் குழந்தைகள், அடிமைகள், சொத்து இல்லாத ஆண்கள். எண்ணுவதற்கு எல்லோரும் வேண்டும், ஓட்டுக்குச் சிலர் போதும்.

எனக்கு வேடிக்கை என்னவென்றால், 1765இல் அமெரிக்கக் காலனிகள் மேல் முத்திரை வரி வந்தபோது இங்கிலாந்து சொன்ன சமாதானம் இதேதான். மான்செஸ்டருக்கும்தான் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் இல்லை, ஆனாலும் நாடாளுமன்றம் எல்லோருக்காகவும் சிந்திக்கிறது, அதனால் நீங்களும் மறைமுகமாகப் பிரதிநிதித்துவம் பெற்றவர்களே என்றார்கள். போங்கடா என்று காலனிக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். சுதந்திரம் வாங்கிய பிறகு அதே சமாதானத்தைத் தங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொன்னார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. நியூ ஜெர்சியின் 1776 அரசியலமைப்பு, 50 பவுண்டு சொத்துள்ள "எல்லா வசிப்பாளர்களும்" ஓட்டுப் போடலாம் என்றது. ஆண் என்று எழுதவில்லை. 1790 தேர்தல் சட்டத்தில் "அவன் அல்லது அவள்" என்றே போட்டார்கள். கணவன் இருந்தால் சொத்து அவன் பெயருக்குப் போய்விடும் என்பதால் கைம்பெண்களும் மணமாகாதவர்களும்தான் போட முடிந்தது. சொத்து வைத்திருந்த சுதந்திரக் கறுப்பினத்தவரும் போட்டார்கள். 1807இல் ஒரே சட்டத்தில் இரண்டு பேரையும் வெளியே தள்ளினார்கள். வரி கட்டும் வெள்ளை ஆண்கள் மட்டும். காரணம் கேட்டால் தேர்தல் முறைகேடாம்.

#14 வேடந்தாங்கல்

இதைப் படிக்கும்போது நம் தொகுதி மறுவரையறை ஞாபகம் வருகிறது. 1976இல் 42ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்போடு மாநிலங்களின் மக்களவை இடங்களை உறைய வைத்தது. 2001இல் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. தலையை எண்ணிப் பங்கு போட்டால் குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்தவனுக்கு நஷ்டம் என்று தமிழ்நாடு சொல்கிறது. 1792இல் டெலவேர்க்காரன் புலம்பியதுபோலத்தான்...

#15 மட்டுறுத்துநர்

வேடந்தாங்கல், மறுவரையறைக்கு அரசியல் பகுதியில் தனித் திரி ஓடுகிறது. அங்கே தொடருங்கள். இங்கே ஆரம்பித்தால் இந்த இழை இன்று இரவே பூட்டப்படும், அனுபவத்தில் சொல்கிறேன்.

#16 சுவடி

நல்லது. நான் எண்ணிக்கையிலிருந்து கொஞ்சம் விலகி, தலைமைக்கு வருகிறேன். ஏனென்றால் 65 போதுமா என்ற கேள்விக்கு அடியில் இருந்தது எப்படிப்பட்ட ஆள் ஜெயிப்பான் என்ற கேள்வி.

1788 ஜூன், நியூயார்க் மாநிலத்தின் பொகிப்சி நகரம். அரசியலமைப்பை ஏற்பதா என்று மாநாடு. எதிர்ப்பணியில் மெலாங்டன் ஸ்மித். அவர் வாதம் இது: தொகுதி பெரிதானால் ஊர் முழுக்கப் பெயர் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். யாருக்குப் பெயர் தெரியும்? பணக்காரனுக்கும் பெரிய குடும்பத்துக்கும். சொந்தக் கையால் உழும் நடுத்தர விவசாயி அந்தச் சபைக்குள் நுழையவே முடியாது. வரி போட்டால் எங்கே வலிக்கும் என்று அவனுக்குத்தான் தெரியும். மக்களைப் போன்ற ஆட்களே மக்களுக்குப் பிரதிநிதி.

எதிர்வரிசையில் ஹாமில்டன். மக்கள் நம்பித் தேர்ந்தெடுத்தால் போதும், அவர்களைப் போலவே இருக்க வேண்டியதில்லை என்பது அவர் நிலை. பணக்காரன் என்பதாலேயே ஒருவன் கெட்டவன் ஆகிவிடுவானா, ஏழையிடம் மட்டும்தான் ஒழுக்கமா என்றும் திருப்பிக் கேட்டார்.

இந்த வாக்குவாதத்தில் நான் ஸ்மித் பக்கம். ஹாமில்டன் சொல்வது தனிமனிதர்களைப் பற்றி. ஸ்மித் சொன்னது சல்லடையைப் பற்றி. சல்லடையின் துளை அளவு எதை விடும், எதை நிறுத்தும் என்பதில் நல்லவன் கெட்டவன் பேச்சே இல்லை.

கடைசியில் ஸ்மித்தே மனம் மாறி ஆதரித்து ஓட்டுப் போட்டார். நியூயார்க் ஏற்றுக்கொண்டது 30க்கு 27 என்ற கணக்கில்தான். அதற்குள் வேறு பத்து மாநிலங்கள் ஏற்றுவிட்டன; வெளியே நின்றால் தனிமரம். பின்னால் திருத்தங்கள் வரும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

#17 புதுமுகம்

திருத்தம் வந்ததா?

#18 கணக்குப்பிள்ளை

வந்தது தம்பி, பாதி வழி வரை. இதைத்தான் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன்.

உரிமைகள் சாசனம் என்று இன்று கொண்டாடும் பத்துத் திருத்தங்கள் காங்கிரஸிலிருந்து 1789 செப்டம்பரில் கிளம்பும்போது பன்னிரண்டு. பேச்சுரிமை, மத உரிமை எல்லாம் வரிசையில் மூன்றாவது. முதலாவது எது? சபையின் அளவு! 100 பேர் ஆகும் வரை 30,000 பேருக்கு ஒருவர், பிறகு 200 ஆகும் வரை 40,000 பேருக்கு ஒருவருக்குக் குறையாமல், அதற்குப் பிறகு 50,000.

அது நிறைவேறவில்லை. தேவையான எண்ணிக்கைக்கு ஒரே ஒரு மாநிலம் குறைவு. மறுத்தவர்களில் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் டெலவேர்தான். சபை பெருத்தால் அதன் ஒற்றைக் குரல் இன்னும் மெலியும்.

நிறைவேறாததே நல்லது என்பேன். கடைசி நேரத்தில் வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றிக் கெடுத்து வைத்திருந்தார்கள். மூன்றாம் கட்டத்தில் சபை 200க்குக் குறையக் கூடாது, 50,000 பேருக்கு ஒருவருக்கு மேலும் இருக்கக் கூடாது என்று வருகிறது. மக்கள்தொகை 90 லட்சம் என்று வையுங்கள். 50,000ஆல் வகுத்தால் 180. அதற்கு மேல் போகக் கூடாது. ஆனால் 200க்குக் குறையவும் கூடாது. எந்தச் சபையும் அமைக்க முடியாது! 80 லட்சத்துக்கும் ஒரு கோடிக்கும் நடுவில் இந்தப் பள்ளம். 1820 கணக்கெடுப்பில், ஐந்தில் மூன்று கணக்குப் போட்டால், நாடு கிட்டத்தட்ட அந்த 90 லட்சத்தில்தான் வந்து நின்றது.

பட்டியலில் இரண்டாவதாக இருந்தது காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே உடனடியாக ஏற்றிக்கொள்ளக் கூடாது என்பது. அதுவும் தூங்கியது. 1982இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று கட்டுரை எழுதி, சுமாரான மதிப்பெண் வாங்கி, கடுப்பில் மாநிலம் மாநிலமாகக் கடிதம் போட்டுக் கிளப்பிவிட்டார். 1992இல் 27ஆவது திருத்தமாகச் சட்டமாயிற்று. 202 வருடம்! அந்த முதலாவது இன்றும் சட்டப்படி நிலுவையில்தான் இருக்கிறது.

#19 அரைக்கிழவன்

கிளப்பிவிடாதீர்கள். இன்றைய அமெரிக்காவில் 30,000 பேருக்கு ஒருவர் என்றால் 11,000 எம்பிக்கள் வருவார்கள். எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தே அரசு திவாலாகிவிடும்.

#20 பொன்னி

இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம்? 1910 கணக்கெடுப்புக்குப் பிறகு சபையை 435ஆக வைத்தார்கள். 1920இல் நகரங்கள் பெருத்துவிட்டன என்று தெரிந்ததும், கிராமத்துப் பிரதிநிதிகள் இடம் கொடுக்க மனமில்லாமல் மறுபங்கீட்டையே நடத்தவிடவில்லை. 1929இல் ஒரு சட்டம் போட்டு எண்ணிக்கையைப் பூட்டினார்கள். இன்று ஒரு உறுப்பினருக்கு 7,60,000 பேருக்கு மேல். வாஷிங்டனுக்கு 40,000 என்பதே உறுத்தியது.

சுவடி ஐயா சொன்ன சல்லடையை இந்த அளவில் வைத்துப் பாருங்கள்.

#21 வேடந்தாங்கல்

எனக்கு வாஷிங்டன் மேல் இருந்த கோபம் குறையவில்லை, ஆனால் இடம் மாறிவிட்டது. வீட்டோ சட்டப்படி சரி என்றே படுகிறது. மீதியை யாருக்குக் கொடுப்பது என்ற சின்னக் கேள்வியில் இவ்வளவு நுணுக்கமாக இருந்தவர்கள், எண்ணும் தலைக்கு ஏன் குரல் இல்லை என்ற பெரிய கேள்வியைப் பின்னமாக்கி மூடிவிட்டார்கள்.

#22 சுவடி

மூடியது திறக்க 1868 ஆயிற்று. 14ஆவது திருத்தம் ஐந்தில் மூன்றை ஒழித்து எல்லோரையும் முழுதாக எண்ணச் சொன்னது. அதன் விளைவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: விடுதலை பெற்றவர்கள் முழு எண்ணாக ஆனதும் தெற்கின் பங்கு கூடத்தான் செய்தது. பிறகு அவர்களின் ஓட்டைத் தேர்வு வைத்தும் வரி வைத்தும் மிரட்டியும் பறித்தார்கள். ஓட்டைப் பறிக்கும் மாநிலத்துக்கு இடம் குறைக்கப்படும் என்று அதே திருத்தத்தின் இரண்டாம் பிரிவில் எழுதியிருக்கிறது. அந்தத் தண்டனையின்படி எந்த மாநிலமும் ஒரு இடம்கூட இழந்ததில்லை.

#23 புதுமுகம்

கடைசியாக ஒரு சந்தேகம் ஐயா. கணக்கைக் கூட்டிப் பார்க்கும்போது 105இல் கென்டக்கிக்கு 2 வருகிறது. ஆனால் கென்டக்கி மாநிலமானது 1792 ஜூன் 1 என்று என் புத்தகத்தில் இருக்கிறது. சட்டம் ஏப்ரலில் போட்டது. இன்னும் பிறக்காத மாநிலத்துக்கு எப்படி இடம்?

#24 கணக்குப்பிள்ளை

கூட்டிப் பார்த்தீர்களே, அதுவே சந்தோஷம்.

கென்டக்கி வர்ஜீனியாவின் மேற்குப் பகுதி. பிரிந்து போக வர்ஜீனியா ஒப்புக்கொண்டாயிற்று. 1791 பிப்ரவரியிலேயே காங்கிரஸ் நாள் குறித்துச் சட்டம் போட்டுவிட்டது: 1792 ஜூன் 1 முதல் தனி மாநிலம், இடைக்காலமாக இரண்டு இடம். 1790இல் எண்ணும்போதும் அதைத் தனி வரியில்தான் போட்டார்கள். ஆகவே மேலே நான் சொன்ன 6,30,560 கென்டக்கி நீங்கலான வர்ஜீனியா. வெர்மான்ட்டுக்கும் இதே கதை. 1791 மார்ச்சில் சேர்ந்தது, அதற்கும் இரண்டு.

ஆக 65, வெர்மான்ட் வந்ததும் 67, கென்டக்கி வந்ததும் 69. 105 பேர் கொண்ட சபை கூடியது 1793 டிசம்பரில், பிலடெல்பியாவில். முதல் காங்கிரஸில் சபாநாயகராக இருந்து நடுவில் அந்த நாற்காலியை இழந்த பிரடெரிக் மூலென்பெர்க்கையே மறுபடி உட்கார வைத்தார்கள். டெலவேரின் ஒற்றை உறுப்பினருக்கு, கணக்குக்குப் போக, இன்னும் 22,540 பேர் மீதி.